நோயாளியை நகர்த்துவதா, வார்டை மாற்றுவதா?

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக் கட்டடம் 2010 மார்ச்சில் சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகத் திறக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் அதுவே பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆயிற்று. 2020இல் கொரோனா நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில், கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோர் மருத்துவத்துக்காகக் கட்டப்பட்ட தேசிய மையமும் கொரோனா மருத்துவமனையாகவே முதலில் இயங்கத் தொடங்கியது. முதியோருக்கென்று அது முறைப்படி திறக்கப்பட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, கட்டடங்கள் மாறத்தான் செய்கின்றன. அரசாணையும் நிதியும் போதிய அவகாசமும் இருந்தால் சட்டமன்றத்தைக்கூட மருத்துவமனையாக்கிவிடலாம். ஆனால் மருத்துவமனைக்குள் மாற்றம் பெரும்பாலும் அப்படி நாள் குறித்து வருவதில்லை. காலையில் நன்றாக இருந்தவருக்கு இரவு எட்டு மணிக்கு மூச்சு வாங்குகிறது, ஐ.சி.யு.வில் இடமில்லை. மழைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் நோயாளிகள் வராந்தா வரை நிரம்புகிறார்கள்; எலும்பு முறிவு வார்டில் பத்துப் படுக்கை காலி. இந்த அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு வளைந்துகொடுக்கும்படி உள்நோயாளர் பகுதிகளை வடிவமைக்க முடியுமா? ஒன்றரை நூற்றாண்டாக உலகம் இதற்கு என்னென்ன விடை சொல்லிப் பார்த்திருக்கிறது, அவற்றில் எது நின்றது, எது சாய்ந்தது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. எடுத்துப் பார்த்தவற்றிலிருந்து எனக்குத் தெளிவாவது இதுதான்: வார்டின் நெகிழ்வைச் சுவர்கள் தீர்மானிப்பது குறைவு. சுவருக்குள் ஓடும் குழாயும், செவிலியரின் பார்வைக் கோடும், டூட்டி சார்ட்டும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன.

மூன்று வகை மாற்றம்

நெகிழ்வு என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறித்துவிடுவதால்தான் இந்தத் துறையில் குழப்பம் அதிகம். அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளர் பகுதிகளை ஆராய்ந்து தேபஜ்யோதி பதியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிலைகளைப் பிரித்துக்கொண்டது. ஒரு செங்கல்லையும் தொடாமல் அன்றன்றைய தேவைக்கு ஒத்துப்போவது முதலாவது. சிறு செலவில், சிறு வேலையில் அறையின் பயனை மாற்றிக்கொள்வது இரண்டாவது. கூடுதல் இடம் சேர்த்து வளர்வது மூன்றாவது.

கட்டடக் கலைஞர்கள் வழக்கமாகக் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. வரைபடத்தில் எதிர்கால விரிவாக்கம் என்று புள்ளிக் கோடு போட்டுவிட்டால் கடமை முடிந்ததாக நினைப்பு. வார்டில் வேலை செய்பவர்களுக்கோ முதலாவதே முக்கியம். அந்த ஆய்வு செவிலியரோடு நிற்காமல் மருந்து, உணவு, துப்புரவு போன்ற பணிகளில் இருப்பவர்களிடமும் பேசியது. அவர்கள் கேட்டவை எளியவை. நோயாளி கண்ணில் பட வேண்டும். ஒரு செவிலிக்கு இன்னொரு செவிலி கண்ணில் பட வேண்டும். இன்று நான்கு படுக்கையாகவும் நாளை ஆறு படுக்கையாகவும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளப் பல வழி இருக்க வேண்டும். பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வார்டின் படுக்கைகளைத் தேவைப்படும்போது தன்னோடு சேர்த்துக்கொள்ள முடிய வேண்டும். இந்தப் பட்டியலில் நகரும் சுவர் எதுவும் இல்லை.

நைட்டிங்கேல் முதல் நார்த்விக் பார்க் வரை

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தமது மருத்துவமனைக் குறிப்புகள் நூலை வெளியிட்ட ஆண்டு 1859. அவர் வற்புறுத்திய வார்டு நீண்ட ஒற்றைக் கூடம்: இரு பக்கமும் சன்னல், சன்னல்களுக்கு இடையே படுக்கை, ஒரு கூடத்தில் ஏறத்தாழ 30 பேர். 1871இல் லண்டன் நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் திறக்கப்பட்ட செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த முறையில் எழுந்தது. காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் அமைந்த அந்தக் கூடத்துக்கு வேறொரு பலனும் இருந்தது. எந்தப் படுக்கையில் இருப்பவருக்கு உடம்பு மோசமானாலும் அவரை வாசலுக்கு அருகில், சிஸ்டரின் கண்பார்வையில் கொண்டுவந்து போட்டுவிடலாம். நோயின் தீவிரத்துக்கேற்ப இடம் மாறும் வார்டு அன்றே இருந்தது.

கிரிமியப் போர்க் காலத்தில், 1855இல், பொறியாளர் இசம்பார்டு புரூனல் துருக்கியின் ரென்கியோயில் அமைத்த மருத்துவமனை இன்னொரு வழியைக் காட்டியது. பிரிட்டனில் மரத்தால் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பிய வார்டுகள் அவை. ஒவ்வொன்றுக்கும் காற்றோட்டம், கழிவறை எல்லாம் தனித்தனி. நிலம் மேடானாலும் பள்ளமானாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கேள்விக்குப் புது அவசரம் வந்தது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பை அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையை மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவு பகலாகப் பை அழுத்தினார்கள். அடுத்த ஆண்டே தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்றை அவர் தொடங்கினார். அதற்கு முன் கட்டிய எந்த மருத்துவமனை வரைபடத்திலும் அப்படி ஒரு பகுதிக்கு இடம் இருந்திருக்க வழியில்லை. எதிர்காலத்தைக் கணித்துக் கட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஜான் வீக்ஸ் இதிலிருந்து ஒரு கோட்பாட்டையே உருவாக்கினார். மருத்துவமனையின் இறுதி வடிவம் இன்னதென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே முடிவுறாத வடிவத்தையே கட்டுவோம் என்றார். 1970இல் திறந்த லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஒரு நடுத்தெரு போன்ற பாதையிலிருந்து தனித்தனிக் கட்டடங்கள் பிரிகின்றன. அவற்றின் முனைகள் நீட்டிக்கொள்ள வசதியாக விடப்பட்டன. 1975இல் பிரிட்டன் கொண்டுவந்த நியூக்ளியஸ் திட்டம் சிலுவை வடிவ அலகு ஒன்றைத் தரப்படுத்தியது. அந்த ஒரே அலகு வார்டும் ஆகலாம், வேறு துறையும் ஆகலாம்.

எது நூறாண்டு, எது பத்தாண்டு?

வளர்வதற்கு இடம் விட்டாயிற்று, உள்ளே மாறுவதற்கு? கனடாவின் ஹாமில்டனில் 1972இல் திறந்த மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், எபர்ஹார்டு ஸைட்லர் ஒவ்வொரு மாடிக்கும் இடையே ஆள் நின்று வேலை செய்யும் உயரத்துக்குப் பணித்தளம் ஒன்றை வைத்தார். குழாய், மின்கம்பி, காற்றுப் பாதை எல்லாம் அங்கே ஓடும். கீழே நோயாளி படுத்திருக்க, மேலே பிளம்பர் வேலை பார்த்துவிட்டுப் போகலாம். யோசனை சிறந்தது, விலை அதிகம். கட்டடத்தின் உயரம் கூடுகிறது. உயரத்தோடு செலவும் கூடுகிறது. அறுவை அரங்கு, ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அது பொருந்தியது. சாதாரண வார்டுக்கு அவ்வளவு செலவு பலருக்குக் கட்டுப்படியாகவில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலம் வேறு விதமாக யோசித்தது. இன்செல்ஸ்பிட்டால் மருத்துவமனையின் ஐ.என்.ஓ. கட்டடத்தைத் திட்டமிடுகையில், 1990களின் பிற்பகுதியில், வேலையையே மூன்றாகப் பிரித்தது. தூணும் தளமும் வெளிச்சுவரும் நூறாண்டுக்கு. உள்தடுப்பும் குழாய்களும் இருபதாண்டுக்கு. கருவியும் அறைகலனும் ஐந்து, பத்தாண்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். முதல் பகுதியை வடிவமைப்பவருக்கு உள்ளே எந்த அறை எங்கே வரும் என்று தெரியாது. தெரியாமலே நன்றாக வேலை செய்யும் கட்டடத்தை அவர் தர வேண்டும். கட்டடக் கலையில் திறந்த கட்டுமானம் என்று பேசப்பட்டுவந்த கருத்தை அரசுத் துறை ஒன்று ஒப்பந்த விதியாகவே ஆக்கியது இங்கேதான். 2007இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் எழுந்த மார்டினி மருத்துவமனையும் இதே வழியில், ஒரே அளவுள்ள தொகுதிகளும் கழற்றி மாட்டும் உள்தடுப்புகளுமாகக் கட்டப்பட்டது.

இவை எல்லாவற்றுக்கும் அடிநாதம் ஒன்றே. எல்லாவற்றையும் மாற்றக்கூடியதாக வைத்தால் ஒன்றும் உருப்படாது. எது அசையக் கூடாது என்று முதலில் முடிவெடுத்தால்தான் மற்றவற்றை அசைக்க வழி பிறக்கும்.

ஒரே அறையில் முழுச் சிகிச்சை

கட்டடக் கலைஞர்கள் வார்டை மாற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, செவிலியர் சிலர் நோயாளி நகர்வதைப் பற்றி யோசித்தார்கள். இதய அறுவை முடிந்த ஒருவரை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை புரியும். வார்டில் படுக்கை காலியாகிச் சுத்தமாகும்வரை காத்திருப்பு. மானிட்டர் ஒயர்களைக் கழற்றி, ஆக்சிஜனைச் சுவரிலிருந்து எடுத்துச் சிலிண்டருக்கு மாற்றி, டிரிப்பைத் தூக்கிப் பிடித்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, லிஃப்டுக்கு நின்று, புது வார்டில் இறக்கி, மறுபடியும் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். கேஸ் ஷீட்டைப் புரட்டி ஒரு சிஸ்டர் சொல்ல இன்னொரு சிஸ்டர் கேட்டுக்கொள்வார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மருந்து விடுபடலாம். ஒரு வேளை மருந்து இருமுறை போய்விடலாம். பின்னால் பிளாஸ்கும் கூடையுமாக வீட்டார் ஓடி வருவார்கள்.

இண்டியானாபோலிஸ் நகரின் மெத்தடிஸ்ட் மருத்துவமனையில் ஆன் ஹெண்ட்ரிச் குழுவினர் 1999இல் இதற்கு மாற்று ஒன்றைச் செயல்படுத்தினார்கள். இதய நோயாளிகளுக்கான 56 படுக்கைப் பகுதியில் ஒவ்வொரு தனி அறையும் ஐ.சி.யு. தரத்துக்குக் கட்டப்பட்டது. நோயாளி சேர்ந்த நாள் முதல் டிஸ்சார்ஜ் வரை அதே அறையில் இருப்பார். சிகிச்சையின் தீவிரம் மட்டும் கூடும், குறையும். செவிலியர் இருக்கைகள் அறை வாசல்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. குடும்பத்தாருக்கு அறைக்குள்ளேயே இடம். 2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, நோயாளி இடமாற்றம் 90 சதவீதம் குறைந்தது. மருந்துப் பிழைகள் 70 சதவீதம் குறைந்தன. கீழே விழுவதும் வெகுவாகக் குறைந்தது.

இந்த எண்கள் உலகெங்கும் பேசப்பட்டன. பல மருத்துவமனைகள் அதே மாதிரி அறைகளைக் கட்டின. பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சில இடங்களில் அறைகள் இருந்தும் பழக்கம் மாறவில்லை. சில காலத்துக்குள் அவை வழக்கமான ஐ.சி.யு.வாகவோ வழக்கமான வார்டாகவோ திரும்பிவிட்டன. காரணம் ஆள்கணக்கு. கலிஃபோர்னியாவின் சட்டப்படி ஐ.சி.யு.வில் ஒரு செவிலிக்கு இரண்டு நோயாளி. இடைநிலைப் பிரிவில் மூன்று. பொது வார்டில் ஐந்து. ஒரே தாழ்வாரத்தில் மூன்று வகை நோயாளியும் கலந்து படுத்தால் ஒவ்வொரு ஷிப்டிலும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். வென்டிலேட்டரைக் கையாளத் தெரிந்த செவிலியே வீடு திரும்பத் தயாராகும் நோயாளியையும் பார்க்க வேண்டும். அதில் அவருக்கு நாட்டம் இருப்பதில்லை. பொது வார்டில் பழகியவருக்கோ வென்டிலேட்டர் அச்சம். மருத்துவரும் தன் நோயாளிகள் ஒரே இடத்தில் இல்லையே என்று சலித்துக்கொள்வார். அறை வளைந்துகொடுத்தது, நிர்வாகம் வளையவில்லை.

இண்டியானாபோலிஸ் முடிவுகளையும் கவனமாகவே படிக்க வேண்டும். அங்கே அறை மட்டும் மாறவில்லை; பணிமுறை, கருவிகள், செவிலியர் பயிற்சி எல்லாம் ஒருங்கே மாறின. பலனில் எவ்வளவு பங்கு சுவருக்கு என்று பிரித்தெடுக்க இயலாது. முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு எப்போதும் உள்ள குறை இது.

கண்ணும் காலும்

அமெரிக்காவின் மருத்துவமனை வடிவமைப்பு வழிகாட்டி 2006இல் புதிய பொது வார்டுகளுக்குத் தனி அறையையே அளவுகோலாக்கியது. தனி அறை ஆண், பெண் என்று பார்க்காது. தொற்று உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்க வேண்டியதில்லை. ஆகவே எந்தப் படுக்கையும் யாருக்கும் ஆகும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் விலை உண்டு. இங்கிலாந்தின் பெம்பரியில் 2011இல் எல்லாமே தனி அறையாகத் திறந்த 500க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை ஆராய்ந்தபோது, பெரும்பாலான நோயாளிகளுக்குத் தனி அறை பிடித்திருந்தது. செவிலியரின் நடை கூடியிருந்தது. சக செவிலியரைப் பார்ப்பதும் உதவி கேட்பதும் கடினமாகியிருந்தது. தொற்றும் விழுதலும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

அறை வடிவத்தில் சிறிய முடிவுகளே பெரிய விளைவு தருகின்றன. கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரப் பக்கம் வைத்தால் சன்னல் முழுக்க நோயாளிக்கு; ஆனால் வாசலில் நிற்கும் செவிலிக்குப் படுக்கையின் கால்மாடுதான் தெரியும், முகம் தெரியாது. வெளிச்சுவர்ப் பக்கம் வைத்தால் முகம் தெரியும்; சன்னல் பாதியாகும். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டு ராஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கற்சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பியதைக் காட்டியது. ஆக, சன்னலும் வேண்டும், முகமும் தெரிய வேண்டும். என்றாவது தீவிர சிகிச்சைக்குப் பயன்படப்போகும் அறை என்றால் முகம் தெரிவதற்கே முதலிடம். தண்ணீரும் கழிவும் ஓடும் கழிப்பறையைப் பிறகு நகர்த்துவது பெருஞ்செலவு என்பதால், இந்த ஒரு முடிவே அந்த அறையின் எதிர்காலத்தைப் பூட்டிவிடுகிறது.

சுவருக்குள் ஓடுவது

கொரோனா கற்றுக்கொடுத்த பெரிய பாடம் குழாயின் குறுக்களவு. மூக்குக் குழாய் மூலம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் பெறும் 30 பேருக்கு வேண்டியது 150 லிட்டர். அதே 30 பேரும் அதிவேக மூக்குவழி ஆக்சிஜன் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் பெற்றால் 1800 லிட்டர், அதாவது பன்னிரண்டு மடங்கு. முதல் கணக்குக்குப் போட்ட குழாயில் இரண்டாவது தேவை ஓடாது, அழுத்தம் விழுந்துவிடும். 7000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரும் அந்த வேகத்தில் ஒரு நோயாளிக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. படுக்கையை எத்தனை வேண்டுமானாலும் கூட்டிப் போடலாம்; சுவரின் பின்னால் உள்ள குழாயைக் கூட்ட முடியாது.

மின்சாரமும் அப்படியே. வென்டிலேட்டர், மானிட்டர், பம்புகள் என்று தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு ஒரு டஜனுக்கு மேல் பிளக் வேண்டும், அவை யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். காற்றில் பரவும் தொற்றுக்கான அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும். உள்ளே அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த நீரின் இணைப்பும் வடிகாலும் வேண்டும். இவற்றைக் கட்டும்போதே சில படுக்கைகளுக்குப் போட்டு மூடிவைத்தால் செலவு சிறிது. பிறகு சுவரை உடைத்துப் போட்டால் பணமும் போகும். வார்டையும் மூட வேண்டும்.

நெருக்கடிக்காகவே குழாயை ஒளித்துவைத்த கட்டடங்களும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ரம்பாம் மருத்துவமனையின் நிலத்தடிக் கார் நிறுத்தம் 1500 கார்களுக்கானது. 72 மணி நேரத்தில் 2000 படுக்கை மருத்துவமனையாகும்படி இணைப்புகள் சுவரிலேயே உள்ளன. சிகாகோவில் 2012இல் திறந்த ரஷ் மருத்துவமனைக் கோபுரமும் பேரிடரை எண்ணிக் கட்டப்பட்டது. அதன் ஆம்புலன்ஸ் நிறுத்தம் 2020இல் நோயாளிகளைத் தரம் பிரிக்கும் இடமாயிற்று.

விதியற்ற மாற்றத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில், வாகன நிறுத்தத்துக்கு அனுமதி பெற்ற நிலவறை கிடங்காகப் பயன்பட்டுவந்தது. அங்கே பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர். பயன் மாறும்போது பாதுகாப்புக் கணக்கும் மாற வேண்டும் என்பதை மறந்த நெகிழ்வு அது.

நம் வார்டுகள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகள் பெரும்பாலும் நைட்டிங்கேல் கூடத்தின் வாரிசுகள். அவற்றைப் பழமை என்று ஒதுக்குவதற்கு முன் அவற்றின் வலிமையைப் பார்க்க வேண்டும். இரவில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் இருந்தாலும் எல்லாரும் அவர் பார்வையில் இருக்கிறார்கள். படுக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைகளும் தெரிந்தவையே: தொற்று, மறைவின்மை, ஆண் வார்டு பெண் வார்டு என்ற அசையாத பிரிவு. ஒரு பக்கம் நோயாளிகள் பாயில் படுத்திருக்க, மறுபக்கம் கட்டில் காலியாக இருப்பது இதனால்தான். நான்கு, ஆறு படுக்கைக்கு ஒரு தடுப்பறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை என்று பிரித்தால், தேவைக்கேற்ப எந்தத் தடுப்பறையையும் எந்தப் பக்கத்துக்கும் கொடுக்கலாம். தனி அறைக்கு ஆகும் செலவும் ஆளும் இதற்கு வேண்டியதில்லை.

ஆண், பெண் பிரிவு ஒரு பூட்டு என்றால் இரண்டாவது பூட்டு, படுக்கை யாருடையது என்பது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் படுக்கைகள் யூனிட்டுகளுக்குச் சொந்தம். அடுத்த துறையின் படுக்கையைக் கேட்பது பெரும்பாலும் இரு மூத்த மருத்துவர்களின் நல்லுறவைப் பொறுத்தது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வருவது எல்லாருக்கும் தெரியும். காய்ச்சல் வார்டும் ஆண்டுதோறும் திறக்கிறது. ஆனாலும் கொசுவலையைக் கட்ட இடமில்லாமல் டிரிப் ஸ்டாண்டில் முடிச்சுப் போடும் வழக்கம் போகவில்லை. கூரையில் நான்கு கொக்கி வைப்பது வடிவமைப்பு வேலைதான். அதைக் கேட்க வேண்டியவர் வரைபடம் போடும் அறையில் இல்லை. விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தீவிரத்தின்படி பகுதி பிரிக்கும் முறையைத் தமிழ்நாடு ஏற்கெனவே பழகியிருக்கிறது. அந்த ஒழுங்கை வார்டுக்குள்ளும் கொண்டுவந்து, நர்ஸிங் ஸ்டேஷனை ஒட்டிய சில படுக்கைகளுக்குத் தடித்த ஆக்சிஜன் குழாயும் கூடுதல் பிளக்கும் மானிட்டரும் கொடுத்தால், ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும் நோயாளிக்கு அது இடைநிலைப் படுக்கை ஆகும்.

மூன்றாவது, அமெரிக்க ஆய்வுகளின் பட்டியலில் நம் அளவுக்கு இடம்பெறாத ஒருவர்: அட்டெண்டர். உணவு ஊட்டுவதும், மாத்திரை வாங்குவதும், ஸ்கேனுக்குத் தள்ளிச் செல்வதும் நம் வார்டுகளில் பாதி அவர் கையில். அவருக்கு வரைபடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலிருந்தே குடும்பத்தார் நோயாளியோடு தங்கியிருப்பதைச் சிகிச்சையின் பகுதியாக வைத்திருக்கிறது. அதைப் பொது வார்டுக்கும் நீட்டி யோசிக்கலாம். நோயாளி ஐ.சி.யு.வுக்குப் போனதும் அட்டெண்டர் வெளியே நிறுத்தப்படுகிறார். வார்டிலேயே சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் இடைநிலைப் படுக்கை அந்தப் பிரிவையும் தவிர்க்கும்.

என்ன செய்யலாம்?

மேற்கின் அனுபவத்திலிருந்து நமக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது 56 தனி அறைகள் அல்ல. நம் ஆள்கணக்கில் அது நடக்காது. எடுத்துக்கொள்ளத் தக்கவை மூன்று. பெர்ன் காட்டியபடி, நிற்பதையும் மாறுவதையும் ஒப்பந்தத்திலேயே பிரிப்பது. கொரோனா காட்டியபடி, குழாயையும் மின்சாரத்தையும் இன்றைய தேவைக்கு மேல் போட்டுவைப்பது. இண்டியானாபோலிஸுக்குப் பிறகு வந்த தோல்விகள் காட்டியபடி, பணிமுறை மாறாமல் அறையை மட்டும் மாற்றாமலிருப்பது.

இதற்கு நடைமுறை வழி ஒன்று உண்டு. புதிய வார்டின் வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் ஒரு தடுப்பறையை முழு அளவில் பிளைவுட்டில் செய்து பார்ப்பது பல நாடுகளில் வழக்கம். அங்கே வார்டு சிஸ்டரும் துப்புரவுப் பணியாளரும் இரவு டூட்டி மருத்துவரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்க்கட்டும். வரைபடத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் இணையட்டும்: எந்தப் படுக்கையை, எந்த நிலையில், யார் உத்தரவில், எத்தனை செவிலியரோடு இடைநிலைப் படுக்கையாக்கலாம், பக்கத்துத் துறையின் படுக்கையை எப்போது எடுத்துக்கொள்ளலாம், எப்போது திருப்பித் தர வேண்டும். அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாத மருத்துவமனை, நகரும் சுவர்களுக்குப் பணம் கேட்கத் தகுதி பெறவில்லை. நிரப்ப முடிந்த மருத்துவமனைக்கு, இருக்கும் பழைய கூடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.